அப்பா டயலிசிஸ் போதும்ங்கிறாரு, கேக்கிறதா இழுத்துட்டு போறதா?

பொகவந்தலாவ_பய:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க. எங்கப்பாவுக்கு 71 வயசு, தோட்டத்து ஃபெக்டரில வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவரு. சுகரும் பிரசரும் சேந்து ரெண்டு கிட்னியும் போய் இப்ப ஒரு வருசத்துக்கு மேல டயலிசிஸ் தான். வாரத்துக்கு ரெண்டு தரம் விடிய முன்ன லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்து எறங்கி, மழை குளிரு எதுவானாலும் ரோட்டு வரைக்கும் நடை, அங்க ஒரு ஆட்டோ, பொறகு பஸ், மெசின்ல நாலு மணித்தியாலம், திரும்பி வரும்போது இருட்டிரும். வந்தா சுருண்டு படுத்துருவாரு, மறுநாள் தான் ஆளு பழையபடி ஆவாரு. ஒரு கோப்பை சாயத்தண்ணி (பால் இல்லாத டீ) கூட அளந்து குடிக்கணும், வாழப்பழம் எளநி எதுவும் ஆகாது.

போன மாசம் இருந்து "போதும்டா, இனிமே என்னைய கூட்டிட்டு போகாத"ன்னு ஒரே பிடிவாதம். புத்தி கொழம்பிப் போச்சுன்னு சொல்லவும் முடியல, தெனம் பேப்பர் வாசிக்கிறாரு, சம்பளப் பேச்சுவார்த்தைய வச்சு யூனியன்காரன திட்டுறாரு, எல்லாம் தெளிவா தான் இருக்கு. அக்கா குவைத்துல. இது தற்கொலைக்கு சமம், நீ அவரு பேச்ச கேட்டா நீ தான் கொன்னதுன்னு ஃபோன்ல அழுவுறா. ஆஸ்பத்திரில டொக்டர் என்கிட்ட சிங்களத்துல, அவருகிட்ட ஒன்னும் வெளக்க வேணாம், பயந்துருவாரு, நீங்க கூட்டிட்டு மட்டும் வாங்கன்னாரு. நானும் சத்தம் போட்டு, சாமி மேல சத்தியம் வாங்கி, ரெண்டு மூணு தரம் இழுத்துட்டு போயிட்டேன். யூடியூப்ல சுவிஸ்காரன் கதையெல்லாம் பாத்து இன்னும் கொழம்பிட்டேன். அவரு ஒடம்பு அவரு முடிவா? இல்ல பெத்த அப்பாவ அப்பிடி விடுறது பாவமா? பொதுவா உரிமை கிரிமைன்னு இல்ல, நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க.

ரிட்டயர்ட்_மிஸி:
தம்பி, முப்பது வருசத்துக்கு மேல வாட்ல நர்சா நின்னவ சொல்றேன், ரெண்டு விசயத்த ஒன்னா போட்டு கொழப்பிக்கிறீங்க. சுவிஸ்ல நடக்கிறது வேற, அங்க ஆளு தானே உயிர் போற மருந்த எடுத்துக்கிறாரு, மத்தவங்க சுயநலமில்லாம தான் ஒதவணும்னு சட்டம். நெதர்லாந்து, பெல்ஜியத்துல 2002ல இருந்து நிபந்தனையோட டொக்டரே செய்யலாம். நம்ம நாட்டுல ஒருத்தரு தன் உயிர எடுக்க ஒதவுறது பெரிய குற்றம், அதுக்குள்ள போக வேணாம். ஆனா புத்தி தெளிவா இருக்கிற நோயாளி ஒரு வைத்தியத்த வேணாங்கிறது அது இல்ல. டயலிசிஸ நிப்பாட்டினா போறது நோயால. ஒலகம் முழுக்க வயசானவங்க சில பேரு நிப்பாட்டிக்கிறாங்க, பொறகு இருக்கிறது சில நாளோ கொஞ்ச வாரமோ, அதுக்கு மூச்சு முட்டாம, வலி இல்லாம பாத்துக்கிற வைத்தியம் இருக்கு. உங்க அக்காவுக்கு இத முதல்ல சொல்லுங்க.

அதுக்காக அவரு போதும்னதும் சரின்னு தலையாட்டிராதீங்க. எது போதும்? அத யாராச்சும் கேட்டீங்களா? டயலிசிஸ்காரங்களுக்கு மனச்சோர்வு ரொம்ப சாதாரணமா வரும், ரத்தம் கொறஞ்சு போயிருந்தா எழும்பவே மனசு வராது, மெசின் ஒடம்புத் தண்ணிய வேகமா எடுத்தா காலு இழுத்துப் புடிக்கும், ராத்திரி பூரா அரிப்பு. இதுல பாதிய சரி பண்ணலாம். ஆனா அவருகிட்ட யாரும் தமிழ்ல ஒக்காந்து பேசலன்னா எது பாதின்னு யாருக்குத் தெரியும்? டொக்டருக்கும் உங்களுக்கும் நடந்த பேச்சுல நோயாளியே இல்லையே தம்பி. பேச்ச தமிழ்ல மாத்த வாட்ல யாராச்சும் ஒருத்தர கேட்டு வாங்குங்க, அட்டென்டனா இருந்தாலும் பரவாயில்ல.

தலவாக்கல_வாத்தி:
மிஸி சொன்னதுக்கு மேல ஒன்னு. இங்கிலாந்துல ஜோன் ஸ்டூவர்ட் மில்னு ஒருத்தரு 1859லயே இந்த சண்டைய எழுதி வச்சுட்டாரு. ஒருத்தன் ஒடையப் போற பாலத்துல ஏறப் போறான், அது அவனுக்கு தெரியாது, சொல்ல நேரமும் இல்ல, அப்ப புடிச்சு இழுக்கலாம். ஏன்னா ஆத்துல விழணும்னு அவன் ஆசப்படல, அதனால அவன் சுதந்திரத்த யாரும் பறிக்கல. ஆனா ஆபத்து தெரிஞ்சும் போறேங்கிறான், சின்னப் புள்ள இல்ல, புத்தி கொழம்பல, அப்ப எச்சரிக்கலாம், மறிக்கக் கூடாது. நம்ம பக்கம் ஓயாவுக்கு (ஆத்துக்கு) மேல தொங்குற பாலத்துல நடந்தவனுக்கு இது நல்லா வெளங்கும். உங்கப்பாவ இது வரைக்கும் நீங்க மறிச்சது மட்டும் தான், எச்சரிக்கவே இல்ல. நிப்பாட்டினா என்ன ஆகும்னு அவருக்கு ஒழுங்கா சொல்லியிருக்காங்களா? சொல்லாம அவருக்குத் தெரியாதுன்னு நாமளே முடிவு எடுக்கிறது அன்பு இல்ல, அதிகாரம். தோட்டத்து தொரைமாரும் அந்தக் காலத்துல நம்மள "ஒங்க நல்லதுக்குத் தான்"னு சொல்லித் தான் வச்சிருந்தாங்க.

பதுள_கருப்பன்:
வாத்தியாரே மில்ல பாதி தான் சொல்றீங்க. அவரு பேசினது ஒடையலாம், ஒடையாமலும் இருக்கலாம்ங்கிற பாலத்த பத்தி. நிச்சயமா ஒடையும்னா? அங்க அவரு சொன்னது ஒதவாது.

நான் இந்த உரிமைப் பேச்ச கொஞ்சம் சந்தேகமா தான் பாப்பேன், காரணம் இருக்கு. 1995 பக்கம் இலங்கை தற்கொலைல ஒலகத்துலயே மேல இருந்துச்சு, ஒரு லட்சத்துக்கு 47 பேரு கிட்ட. நம்ம தோட்டங்கள்ல எத்தன வீடு. பொறகு அரசாங்கம் கடுமையான பூச்சி மருந்துகள ஒவ்வொன்னா தட பண்ணிச்சு, யாரையும் அனுமதி கேக்கல, எண்ணிக்கை 70 சதவீதத்துக்கு மேல எறங்கிச்சு. தற்கொலை முயற்சி செஞ்சவன ஜெயில்ல போடுற சட்டத்தையும் 1998ல எடுத்தாங்க. சாகணும்ங்கிற அந்தக் கோபம் கொஞ்ச நேரம் தான், தப்பிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க திரும்ப அந்தப் பக்கம் போறதில்ல. இது தலையீடு தானே? நல்ல தலையீடு. அதனால குறுக்க போறதெல்லாம் தப்புங்கிற மாதிரி பேச வேணாம்.

இன்னொன்னு, லயத்துல ஒரு காம்பராவுல ஆறு பேரு, ஆட்டோவுக்கு காசு, மகன் நாட்சம்பளத்த விட்டுட்டு கூட வாரான், இதெல்லாம் கெழவன் கண்ணுக்கு படாமலா இருக்கும்? "போதும்"ங்கிறது அவரு வாயில இருந்து வந்தாலும் சொல்ல வச்சது அந்த ஆட்டோ காசா இருக்கலாம். தமிழ்நாட்டுல தெக்கு மாவட்டங்கள்ல தலைக்கூத்தல்னு ஒன்னு நடந்துருக்கு, வயசானவங்கள வீட்டாளுங்களே முடிச்சு வைக்கிறது, ஊரும் கண்டுக்காது. ஏழை வீட்டுல சாகுற உரிமை சாகுற கடமையா மாற ரொம்ப நாள் எடுக்காது.

தலவாக்கல_வாத்தி:
கருப்பன் அண்ணே, கோவத்துல எடுக்கிற முடிவும் ஒரு மாசமா ஒரே மாதிரி சொல்ற முடிவும் ஒன்னா? அமெரிக்கால ஒரெகன் மாநிலத்துல குணமாகாத நோயாளி உயிர் போற மருந்த டொக்டர்கிட்ட கேட்டு வாங்கலாம்னு 1997ல இருந்து சட்டம் இருக்கு, மருந்து சீட்டு வாங்குறவங்கள்ல மூணுல ஒரு பங்கு பேரு கிட்ட அத பாவிக்கிறதே இல்ல. கைல முடிவு இருக்குங்கிறதே அவங்களுக்கு போதுமா இருக்கு.

பதுள_கருப்பன்:
அதே ஒரெகன் அறிக்கைய முழுசா வாசிங்க. ஏன் கேக்குறீங்கன்னா வலின்னு சொல்றவங்க கொறைவு, சொந்தமா ஒன்னும் செய்ய முடியலங்கிறது தான் மேல, வீட்டுக்கு பாரமா இருக்கேன்னு சொல்றவங்களும் கிட்டத்தட்ட பாதி. பாரம்ங்கிறது நோயில்லையே, வாத்தியாரே.

ஹட்டன்_ரோசா:
ஆம்பளைங்க ரெண்டு பேரும் வெளிநாட்ட சுத்திட்டு வாங்க, நான் உள்ளூர்ல நடந்தத சொல்றேன். எங்க மாமியாருக்கு புத்துநோய், மூத்த மச்சான்மாரு சேந்து அவங்களுக்கு சொல்லக்கூடாதுன்னு முடிவு. அல்சர்னு சொல்லி வச்சாங்க. கீமோ ஏத்துறாங்க, முடி கொட்டுது, அல்சருக்கு முடி கொட்டுமான்னு அவங்க என்கிட்ட கேக்குறாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி நடிச்சது அவங்க. மகன்மாரு மனசு நோகக்கூடாதுன்னு. கடைசில தன் தாலிய யாருக்கு குடுக்கணும்னு கூட வாய் தெறந்து சொல்ல விடல, பேச ஆரம்பிச்சா "ஒன்னுமில்லம்மா சரியாயிரும்"னு அடக்கிருவாங்க. சாகுறதுக்கு உரிமை இருக்கோ இல்லையோ, தனக்கு என்னன்னு தெரிஞ்சுக்க உரிமை வேணும். அது இல்லாம மிச்சத்த பேசி பிரயோசனமில்ல.

சும்மா_ஒருத்தன்:
நம்மாளுங்க இதெல்லாம் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னயே பாத்தாச்சு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, பட்டினி கெடந்து உயிர விடல? பிசிராந்தையாரு கூடப் போய் ஒக்காரல? அப்ப யாரும் தடுக்கல.

ஹட்டன்_ரோசா:
அந்த ராசா மகன்மாரு கூட சண்ட போட்டுட்டு வடக்க பாத்து ஒக்காந்தாரு, கிட்னிக்கு இல்ல. நல்ல உதாரணம் எடுத்தீங்க, கேள்வி கேட்ட பையன் இன்னும் பயப்படப் போறான்.

பொகவந்தலாவ_பய:
ஹாஹா அக்கா, சிரிச்சு நாளாச்சு. மிஸி சொன்ன மாதிரி நேத்து ராத்திரி அப்பாகிட்ட ஒக்காந்து எது போதும்னு கேட்டேன். முதல்ல ஒன்னுமில்லன்னாரு, பொறகு கொட்டிட்டாரு. மெசின் இல்ல, அந்த விடியக்காலை நடை தானாம். அப்பறம் வந்த அன்னைக்கு காலு இழுக்குறது. கருப்பன் அண்ணன் சொன்னதும் உண்ம தான், என் சம்பளம் வெட்டுப்படுறத கணக்கு போட்டு வச்சிருக்காரு, ரிட்டயர் ஆனப்ப வந்த ஈபிஎஃப் (சேமலாப நிதி) காசு எவ்வளவு மிச்சம்னு வரைக்கும். ஆனா அது மட்டும் இல்லைங்கிறாரு. "நீ அந்த காச குடுத்தாலும் நான் எப்பயும் இப்பிடியே போக மாட்டேன், அது என் இஷ்டம், அத நீ கேட்டுக்கணும்"னாரு. அதுக்கு நான் என்ன சொல்ல? நிப்பாட்டினா என்ன ஆகும்னும் சொன்னேன். தெரியும்னாரு. பக்கத்து கட்டில்காரரு சொல்லியிருக்காராம்!

ரிட்டயர்ட்_மிஸி:
பாத்தீங்களா, பக்கத்து கட்டிலு சொன்னத டொக்டரும் மகனும் சொல்லல. தம்பி, இப்பிடி செய்ங்க. ஒரு மாசம்னு அவரோட பேசி வச்சுக்குங்க. அதுக்குள்ள காலு இழுக்குறதுக்கும் ரத்தத்துக்கும் என்ன செய்யலாம்னு கிளினிக்ல கேளுங்க, நேரத்த காலைல இருந்து பகலுக்கு மாத்த முடியுமான்னும் கேளுங்க, சில இடத்துல ஷிப்ட் மாத்திக் குடுப்பாங்க. மனச்சோர்வையும் ஒருக்கா பாத்துரட்டும். ராத்திரில அவரோ நீங்களோ மனசு ரொம்ப ஒடைஞ்சா 1926க்கு அடிங்க, மனநல லைன், தமிழ்லயும் பேசலாம். மாசம் முடிஞ்சதும் திரும்ப கேளுங்க. அப்பவும் வேணாம்னா அது கோவமோ ஆட்டோ காசோ இல்ல, அவரு தான். அன்னைக்கு இழுக்காதீங்க. அவரு சொன்னத டொக்டர் முன்னால அவரே சொல்லி கிளினிக் கொப்பில எழுத வைங்க. இந்தியால 2018ல சுப்ரீம் கோர்ட் முன்கூட்டியே எழுதி வைக்கிறத ஏத்துக்கிச்சு, அந்த தீர்ப்பு இங்க செல்லாது, ஆனா எழுத்துல இருந்தா நடுராத்திரி அவசரத்துல யாரு என்ன செய்யணும்னு சண்ட வராது.

பதுள_கருப்பன்:
மிஸி சொல்றதுக்கு நானும் ஓகே. ஆட்டோ காசுக்கு ஏதாச்சும் வழி இருக்கான்னு நம்ம பக்கத்து கோயில் கமிட்டில கேட்டுப் பாக்குறேன், பிரைவட் மெசேஜ் போடுங்க தம்பி. அது சரியான பொறகும் அவரு வேணாம்னா வாத்தியாரு ஜெயிச்சாருன்னு வச்சுக்கலாம்.

பொகவந்தலாவ_பய:
மெசேஜ் போட்டுட்டேன் அண்ணே. அப்பாவும் மாசத்துக்கு சரின்னுட்டாரு, ஆனா ஒரு கண்டிசன், ஞாயித்துக்கெழம ஒரு முழு கோப்பை சாயத்தண்ணி. அளவுல சேத்துக்கலாமான்னு மிஸி சொல்லுங்க. அக்கா லைன்ல வாரா, இந்த திரெட்ட அவளுக்கு அனுப்பினேன், வாசிச்சுட்டாளாம், சத்தம் கேக்குது, பொறகு வாரேன்.