புதுப்பிப்பு: எந்த வெப் டெவலப்மெண்ட் பாடம் என்று கேட்டிருந்தேனே

வீடியோவைப் பார்த்துச் செய்தால் பக்கம் சரியாக வருகிறது, தனியாக உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை, வேறு பாடம் சொல்லுங்கள் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

அதிகம் உதவியது, "பாடம் எந்தக் காலத்தது என்று பாருங்கள்" என்ற பதில். நான் பார்த்த பாடம் பக்கத்தில் பெட்டிகளை அடுத்தடுத்து வைக்க ஃப்ளோட்டை (பெட்டியை இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுக்கும் பழைய சிஎஸ்எஸ் முறை) சொல்லிக்கொடுத்தது. ஃப்ளோட் செய்த பெட்டிகளின் உயரத்தை வெளிப்பெட்டி கணக்கில் எடுக்காது. கீழே இருக்கவேண்டிய பகுதி மேலே ஏறிவிடும். அதைச் சரிசெய்யத் தனியாக ஒரு வித்தை. இதே வேலைக்கான புதிய முறை ஃப்ளெக்ஸ்பாக்ஸ்; அதில் வெளிப்பெட்டிக்கு 'டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ்' என்று ஒரு வரி போதும். பெட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட் 2017-லேயே முக்கிய பிரவுசர்களுக்கு வந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளை அறிவிக்கப் பழைய சொல் 'வார்'; 'லெட்', 'கான்ஸ்ட்' 2015-இல் வந்தவை. எங்கு பார்த்தாலும் 'வார்' மட்டும் இருந்தால் அந்தப் பாடத்துக்கு வயதாகிவிட்டது.

அப்புறம், பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் டூல்ஸ். தொடக்கப் பாடங்கள் இதை ஏன் கடைசியில் வைக்கின்றனவோ! தலைப்பின் நிறம் மாறவில்லையா? அதன்மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். வேறொரு விதி மீறியிருந்தால், நீங்கள் எழுதிய வரி கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும். அதை மீறிய விதி எது என்பதும் அங்கேயே தெரியும்.

ரியாக்ட் (ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) எப்போது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இல்லை. ஒரு படிவத்தை வெறும் ஜாவாஸ்கிரிப்டில் சரிபார்க்கப் பழகுகிறேன். சப்மிட் அழுத்தியதும் பக்கம் மறுபடி லோட் ஆவதை 'பிரிவென்ட் டிஃபால்ட்' போட்டு நிறுத்தியாயிற்று. அடுத்தது பிழைச் செய்தி காட்டுவது.