பகுதிநேரமாகப் படிக்கிறீர்களா? ஒரு மணி நேரம் தர முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். மாணவருக்கு ஏற்பப் பாடத்தை மாற்றித் தரும் இணையவழிக் கற்றல் மென்பொருள்களைப் பற்றி முதுநிலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை பார்த்தபடியே இங்கே சிங்கப்பூரில் பட்டமோ டிப்ளோமாவோ படிக்கும் எட்டுப் பேரின் உதவி தேவை.

என்னுடன் படித்த அக்கா ஒருவர் உட்லண்ட்ஸிலிருந்து வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே கைப்பேசியில் புள்ளியியல் பயிற்சிகளைச் செய்வார். பீஷானில் கூட்டம் ஏறினால் கம்பியைப் பிடிக்க வேண்டும், விரல் நின்றுவிடும். பதில் தாமதமானதால் அவருக்குப் பாடம் புரியவில்லை என்று மென்பொருள் முடிவுகட்டி, சராசரி காணும் கணக்கையே மூன்று வாரம் திரும்பத் திரும்பக் கொடுத்தது. அலுவலகத்தில் வரவுசெலவு பார்ப்பவர் அவர்! அந்தப் பாடத்தையே பிறகு விட்டுவிட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

தனி ஆசிரியரிடம் படித்தவர்கள் வகுப்பறை மாணவர்களைவிட இரண்டு திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளன என்பதைக் காட்டும் அளவு) முன்னே நின்றதாக 1984இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதினார். 2011இல் ஆய்வாளர் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தனி ஆசிரியரால் கிடைத்த முன்னேற்றம் 0.79 திட்டவிலக்கம்தான், படிப்படியாக வழிகாட்டும் கணினிப் பயிற்சியோ 0.76 வரை வந்திருந்தது. அப்படியானால் ரயிலில் நின்றுகொண்டே படிப்பவருக்கும் அந்தப் பலன் கிடைக்க வேண்டாமா?

சனி, ஞாயிறுகளில் தேக்காவிலோ விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்திலோ சந்திக்கலாம். எங்கே, எந்த நேரத்தில் படிக்கிறீர்கள், மென்பொருள் உங்களை எப்போது தவறாகக் கணித்தது என்று சொன்னால் போதும். பெயரைக் குறிக்க மாட்டேன். தமிழிலேயே பேசலாம். விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். இரவுப் பணியில் இருப்பவர்கள் அவசியம் எழுதுங்கள்.