மாருதி 800: முன் பிரேக் டிஸ்க்கைக் கடையலாமா, மாத்தணுமா?

சத்துவாச்சாரி_800:
1990 மாடல். ஏலகிரி இறங்கும்போது பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் நடுங்குது, வண்டி இடது பக்கம் இழுக்குது. டிஸ்க் ரெண்டுலயும் ஓரத்துல வரப்பு மாதிரி விளிம்பு நிக்குது. லேத்ல கடைஞ்சா போதும்னு ஒரு மெக்கானிக், புதுசே போடுன்னு இன்னொருத்தர். எது சரி?

ஆம்பூர்_கேரேஜ்:
முதல்ல அளந்து பாருங்க சார். வெர்னியரை (கனம் அளக்குற கருவி) நேரா வெச்சா அந்த விளிம்பு மேல உட்காரும், தேய்ஞ்ச டிஸ்க்கும் புதுசு மாதிரி அளவு காட்டும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடு உரசுற இடத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நாணயம் வெச்சு மொத்தமா அளந்து, நாணயங்களோட கனத்தைக் கழிங்க. குறைந்தபட்ச கனம் டிஸ்க்லயே பொறிச்சிருக்கும், இல்லைன்னா சர்வீஸ் மேனுவல்ல பாருங்க. கடைஞ்ச பிறகும் அதுக்கு மேல நிக்கணும். நிக்காதுன்னா கடையாதீங்க. மெலிஞ்ச டிஸ்க் சூடு தாங்காது, 14 கொண்டை ஊசி வளைவு இறங்குற வண்டிக்கு அது ஆபத்து. மாத்தினா ரெண்டு டிஸ்க்கும் நாலு பேடும் சேர்த்துத்தான்.

காட்பாடி_ஸ்பேனர்:
இடது பக்கம் இழுக்குறது பெரும்பாலும் டிஸ்க்கால இருக்காது. வலது பிரேக் சரியா பிடிக்காம இருக்கலாம். வலது பேடைக் கழட்டிப் பாருங்க. உள்பக்கப் பேடு மட்டும் அதிகமா தேய்ஞ்சிருந்தா காலிப்பர் (பேடைப் பிடிச்சு அழுத்துற பாகம்) நகர்ற பின் இறுகியிருக்கு. அதுக்கு சிலிகான் கிரீஸ்தான் போடணும், சாதா கிரீஸ் ரப்பரை ஊத வெச்சிடும். பேடு ஈரமா இருந்தா ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டை மூடுற ரப்பர் உறை) கிழிஞ்சு கிரீஸ் தெறிக்குதா, பேடைத் தள்ளுற பிஸ்டனோட சீல் கசியுதான்னு பாருங்க. பிரேக்கை விட்ட பிறகும் வீல் பிடிச்சே இருந்தா காலிப்பர்ல பிரேக் ஆயிலை வெளியேத்துற பிளீடர் நிப்பிளைத் திறங்க. வீல் விடுபட்டா ஆயில் வர்ற ரப்பர் ஹோஸ் உள்ளே அடைச்சிருக்கலாம், விடுபடலைன்னா பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கு.

சத்துவாச்சாரி_800:
நன்றி அண்ணா. மாட்டும்போது எதைக் கவனிக்கணும்?

ஆம்பூர்_கேரேஜ்:
ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டு கொடுங்க. காலிப்பரைக் கம்பி கட்டித் தொங்க விடுங்க, ஹோஸ்ல தொங்கக் கூடாது. டிஸ்க் வரலைன்னா, அதுல ரெண்டு மரைத்துளை (போல்ட் முறுக்குற துளை) இருந்தா 8 மி.மீ. போல்ட்டை மாறி மாறி முறுக்குங்க, கழண்டு வரும். முக்கியமானது ஹப் முகம், அதாவது டிஸ்க் உட்காருற பரப்பு. கொஞ்சம் துரு இருந்தாலும் புது டிஸ்க் கோணலா உட்கார்ந்து அதே நடுக்கம் திரும்ப வரும். கம்பி பிரஷ் போட்டு வெள்ளை உலோகம் தெரியுற வரை தேய்ங்க. புது டிஸ்க் மேல துருத் தடுப்பு எண்ணெய் இருக்கும், பிரேக் கிளீனர்ல துடைங்க.

பிஸ்டனைத் தள்ளும்போது நிப்பிளைத் திறந்து குழாய் மாட்டுங்க, அழுக்கு பிரேக் ஆயில் பெடல் பக்கம் இருக்குற மாஸ்டர் சிலிண்டருக்குப் போகாது. நிப்பிளை மூடிட்டுத்தான் பெடலை மிதிக்கணும். காற்று புகுந்திருந்தா பிளீடிங் பண்ணி அதை வெளியேத்துங்க. வீல் மாட்டின உடனே, பெடல் கெட்டியாகுற வரை மிதிச்ச பிறகே வண்டியை நகர்த்துங்க.

காட்பாடி_ஸ்பேனர்:
பிரேக் ஆயிலையும் முழுசா மாத்திடுங்க. மேனுவல்ல சொன்ன தரத்துல சீல் உடையாத பாட்டில் வாங்குங்க. பழைய ஆயில்ல ஈரம் சேர்ந்திருந்தா மலையிறக்கத்துல கொதிச்சு பெடல் தரைக்குப் போயிடும். அப்புறம் புதுப் பேடு டிஸ்க்கோட பதியுறதுக்கு, காலியான ரோட்ல 50 கி.மீ. வேகத்திலிருந்து 15க்கு நிதானமா பத்து தரம் குறைங்க, முழுசா நிறுத்தாதீங்க. நடுவுல ஆற விடுங்க. சூடா இருக்கும்போது பெடலை அழுத்தியபடி நின்னா பேடு பொருள் ஒரே இடத்துல ஒட்டி மறுபடியும் நடுங்கும்.