திருச்சி – கோலாலம்பூர்: போக ஆறரை மணி, வர ஒன்றரை மணியா?

கேள்வி (காரைக்குடி):
15-ம் தேதி டிக்கெட். திருச்சியில் புறப்பாடு 00:10, கோலாலம்பூர் சேர்வது 06:40. திரும்பும்போது இரவு 9:30-க்குக் கிளம்பி 11 மணிக்கே திருச்சி என்று போட்டிருக்கிறது. தூரம் 2,700 கி.மீ., விமானம் மணிக்கு 900 கி.மீ. என்றால் மூன்று மணி நேரம்தானே? வீட்டிலிருந்து எப்போது கிளம்பணும்? அப்பத்தாவும் வர்றாக.

தேவகோட்டை:
டிக்கெட்டில் உள்ளது அந்தந்த ஊர் நேரம். மலேசியா நம்மைவிட 2½ மணி முன்னால். போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். இரண்டுமே 4 மணி.

900 என்பது பெரிய விமானக் கணக்கு. இந்தத் தடத்தில் ஓடும் ஏ320, 737 ரகங்கள் உயரத்தில் 830 சொச்சம்தான். நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 2,690 கி.மீ.; 830-ஆல் வகுத்தால் 3 மணி 15 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வளைந்து போகும் வான்வழி எல்லாவற்றுக்கும் முக்கால் மணி சேருங்கள். சிங்கப்பூருக்கும் (2,980 கி.மீ.) இதே கணக்கு போடலாம், ஏறக்குறைய 4:20 வரும்.

குன்றக்குடி:
கிழக்கே போனால் சீக்கிரம் போகலாம், பூமி சுற்றுவதால் என்பார்களே?

தேவகோட்டை:
பூமியோடு காற்றும் சேர்ந்துதான் சுற்றுகிறது, அதனால் லாபம் இல்லை. வித்தியாசம் செய்வது உயரத்தில் வீசும் காற்று. டெல்லிப் பக்கம் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து பலமாக வீசும். நம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை உயரத்தில் கிழக்கிலிருந்து வீசும். அந்த மாதங்களில் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகில் தள்ளும்.

கானாடுகாத்தான்:
முக்கியமானதை யாரும் சொல்லவில்லை. 15-ம் தேதி 00:10 என்றால் 14-ம் தேதி ராத்திரி. 15-ம் தேதி சாயங்காலம் போய் நின்றால் விமானம் போய்ப் பதினேழு மணி நேரம் ஆகியிருக்கும். இந்தத் தப்பு அடிக்கடி நடப்பது.

14-ம் தேதி மாலை 6:30-க்குக் கிளம்புங்கள். புதுக்கோட்டை வழி 85–90 கி.மீ., இரண்டு மணி நேரம். விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் திருச்சி ஊருக்குள் போக வேண்டாம். ஒன்பதுக்குள் உள்ளே இருக்கலாம். சென்னை போய் ஏறலாமா என்று யோசிக்காதீர்கள். வானில் மிச்சம் 60 கி.மீ., ரோட்டில் 300 கி.மீ.-க்கு மேல் கூடுதல் பாடு.

அப்பத்தாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் இப்போதே விமான நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், லக்கேஜில் போடுங்கள். சீப்புச் சீடை, மணகோலம் போன்ற பலகாரங்கள் கையில் போகலாம், எடைதான் பார்க்கணும்.

தேவகோட்டை:
இன்னொன்று. 6:40-க்கு இறங்கும்போது அங்கே பெரும்பாலும் இருட்டாகத்தான் இருக்கும், விடிவது ஏழு, ஏழரை வாக்கில். 1982-க்கு முன் வித்தியாசம் 2 மணிதான். பிறகு அவர்கள் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள், சூரியன் பழைய இடத்திலேயே நிற்கிறது.