எடிசன் ஸ்டாண்டர்ட் சிலிண்டர் ஃபோனோகிராஃப்: தகட்டில் மாடல் பி, உள்ளே நான்கு நிமிட கியர். எந்த ஆண்டுடையது?

கேள்வி (பித்தளைக்குழல்):

வணக்கம். பாட்டுப் பதிந்த உருளைகளை (சிலிண்டர்) வாசிக்கும் பழைய இயந்திரமான எடிசன் ஸ்டாண்டர்ட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மேல்தட்டில் உள்ள பெயர்த்தகட்டில் மாடல் பி என்று இருக்கிறது. நேஷனல் ஃபோனோகிராஃப் கம்பெனியின் பெயரும், கீழே காப்புரிமைத் தேதிகள் வரிசையாகவும் உள்ளன. விற்பவர் 1898 என்று அடித்துச் சொல்கிறார். சிலிண்டரை மாட்டும் மாண்ட்ரலின் வலது முனையைத் தாங்க எதுவும் இல்லை. இடப்பக்கம், இரண்டு நிமிடம் ஓடும் சிலிண்டருக்கும் நான்கு நிமிடம் ஓடும் சிலிண்டருக்கும் ஏற்ப கியர் மாற்றுவதற்கு ஒரு குமிழ் இருக்கிறது. ஊசி பொருத்திய ஒலிப்பெட்டியான ரீப்ரொடியூசரில் எச் என்று பொறித்திருக்கிறது. கூடவே கறுப்பு சிலிண்டர் ஒன்றும் நீல சிலிண்டர் ஒன்றும் தருகிறார். மாடல் பியில் நான்கு நிமிட கியர் உண்டா, அல்லது வேறு இயந்திரத்தின் தகட்டை எடுத்து ஒட்டியிருக்கிறார்களா? இரண்டு சிலிண்டரையும் போட்டுக் கேட்கலாமா?

பதில் (மெழுகுச்சுருள்):

ஸ்டாண்டர்ட் வரிசை 1898இல் தொடங்கியது உண்மைதான். அதற்காக எல்லா ஸ்டாண்டர்டும் 1898 ஆகிவிடாது. தகட்டில் உள்ளவை காப்புரிமை கிடைத்த தேதிகள், இயந்திரம் செய்த தேதி அல்ல. அவற்றில் கடைசித் தேதியை மட்டும் பாருங்கள். இயந்திரம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, அவ்வளவுதான் அது சொல்லும். கம்பெனி பெயரும் உதவும். நேஷனல் ஃபோனோகிராஃப் கம்பெனி 1911இல் தாமஸ் ஏ. எடிசன் இன்கார்ப்பரேட்டட் ஆனது. தகட்டில் புதிய பெயர் இருந்தால் 1911க்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளலாம்.

தகட்டைவிட நான் நம்புவது இரும்பைத்தான். ஸ்டாண்டர்ட் மாடல் ஏயில் மாண்ட்ரலின் வலது முனையைத் தாங்க, கதவு போலத் திறந்து மூடும் ஒரு கை இருக்கும். அதைத் திறந்தால்தான் சிலிண்டரை மாட்ட முடியும். 1905இல் வந்த மாடல் பியில் அந்தக் கை இல்லை, மாண்ட்ரல் இடப்பக்கத் தாங்கிகளிலேயே நிற்கும். நீங்கள் சொல்லும் அடையாளம் பியோடு பொருந்துகிறது. 1908இல் சி வந்தது, அதே ஆண்டு இரண்டு வேகக் கியரோடு டியும் வந்தது. ஆகவே உங்களுடையது 1905க்கும் 1908க்கும் இடையில். 1898க்கு வாய்ப்பே இல்லை.

பெட்டியின் முகப்பில் ஒட்டிய எழுத்தை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். பெட்டிகளுக்குப் புது வார்னிஷ் பூசிப் புது ஸ்டிக்கர் ஒட்டுவது வெகு சாதாரணம்.

பதில் (மரைத்திருகு):

நான்கு நிமிட கியரைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். 1908இல் நான்கு நிமிட ஆம்பரால் சிலிண்டர் விற்பனைக்கு வந்தபோது, பழைய இயந்திரக்காரர்களுக்காக எடிசன் கம்பெனியே மாற்று கியர் தொகுப்பு விற்றது. எச் ரீப்ரொடியூசரும் அந்தக் காலத்துடையதே. இரண்டும் சேர்ந்தே இருப்பது, முதல் சொந்தக்காரரே 1908க்குப் பிறகு மாற்றிக்கொண்டார் என்பதற்கு நல்ல சாட்சி. தகடு மாறியிருக்கிறதா என்று அறிய, அதைப் பிடித்திருக்கும் ஆணிகளையும் ஓரத்துப் பெயிண்டையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒருமுறை கழற்றியிருந்தால் அங்கே பெயிண்ட் வெடித்திருக்கும்.

கியர் வேலை செய்கிறதா என்று வாங்கும் முன்பே சோதிக்கலாம், சிலிண்டரே வேண்டாம். இரண்டு நிமிட சிலிண்டரில் அங்குலத்துக்கு 100 வரி (ஊசி ஓடும் பள்ளம்), நான்கு நிமிடத்தில் 200 வரி. ஓட வேண்டிய வேகம் நிமிடத்துக்கு 160 சுற்று. மாண்ட்ரல் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி 15 விநாடிக்கு எண்ணுங்கள், 40 வர வேண்டும். வராவிட்டால் வேகத் திருகைச் சரிசெய்யுங்கள். பிறகு ரீப்ரொடியூசரைக் கழற்றி வைத்துவிட்டு, அதைத் தாங்கி நகரும் வண்டியை மட்டும் ஓடவிட்டு, ஓர் அங்குலம் நகர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட நிலையில் 37.5 விநாடி, நான்கு நிமிட நிலையில் 75 விநாடி. குமிழை மாற்றியும் நேரம் மாறவில்லை என்றால் கியர் சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே பல் போயிருக்கிறது. அதற்கேற்ப விலையைக் குறையுங்கள்.

வண்டி நடுவில் நின்று நின்று போனால், வண்டியை நகர்த்தும் திருகான ஃபீட் ஸ்க்ரூவின் மரையில் காய்ந்த எண்ணெய்ப் பிசின் ஏறியிருக்கும். கெட்டியான நூலை மெல்லிய எண்ணெயில் நனைத்து, மரையின் பள்ளத்தில் போட்டு மாண்ட்ரலைக் கையால் சுற்றினால் கறுப்பு அழுக்கு திரண்டு வரும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. அதன் பிறகும் தாவினால், வண்டியை ஸ்க்ரூவோடு இணைக்கும் அரைநட்டைப் பாருங்கள். அது ஸ்க்ரூவின் மேல் நேராக உட்கார வேண்டும். சாய்ந்தால் ஓரத்துப் பற்கள் மட்டும் தேயும், ஒரே வரி திரும்பத் திரும்பப் பாடும்.

பித்தளைக்குழல்:

மிக்க நன்றி. இன்று போய்ச் சோதித்தேன். ஓர் அங்குலத்துக்கு 37, 75 விநாடி, இரண்டும் ஒத்துப்போகின்றன. கறுப்பு சிலிண்டரின் விளிம்பில் வெள்ளை எழுத்தில் தலைப்பு இருக்கிறது, நான்கு நிமிட வகையைக் காட்டும் 4எம் என்ற குறி இல்லை. நீலத்தில் எண் 1700களில் இருக்கிறது, ஆனால் அது மாண்ட்ரலில் முழுதாக ஏறவில்லை. சாவி கொடுக்கும்போது பெட்டிக்குள் அவ்வப்போது 'தொம்' என்று ஒரு சத்தம்.

பதில் (மெழுகுச்சுருள்):

கறுப்பு: 4எம் இல்லாத எடிசன் மெழுகு என்றால் இரண்டு நிமிட கோல்ட் மோல்டட் வகை. அந்த வகை 1902இல் வந்தது. அதை எச் கொண்டு வாசிக்கவே கூடாது. எச்சின் நீலக்கல் ஊசி நான்கு நிமிடத்தின் குறுகிய வரிக்காகச் செய்தது. அகன்ற வரியில் அது அடியில் தோண்டும். வாசித்து முடித்ததும் ஊசிமுனையில் கறுப்புத் தூள் ஒட்டியிருந்தால் பாட்டு அழிகிறது என்று பொருள். இதற்கு சி என்று பொறித்த ரீப்ரொடியூசர் தேடுங்கள். திருப்பிப் போடும் இரட்டை ஊசி கொண்ட கே ரீப்ரொடியூசர் கிடைத்தால் இரண்டு வகைக்கும் ஆகும். வைர ஊசி எந்த மெழுகு சிலிண்டருக்கும் ஆகாது.

நீலம்: புளூ ஆம்பரால், 1912இல் தொடங்கிய வரிசை, எண்கள் 1501இலிருந்து. மேலே செல்லுலாய்டு, உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஈரம் ஏறினால் பிளாஸ்டர் உப்பி துளை சுருங்கிவிடும். தட்டி ஏற்றினால் மேலோடு பிளந்துவிடும். உருட்டுக் கட்டையில் மணல்தாள் சுற்றி, பிளாஸ்டரை மட்டும் சுற்றிலும் ஒரே அளவாகத் தேயுங்கள். ஓரிரு சுற்றுக்கு ஒருமுறை மாட்டிப் பாருங்கள். தலைப்பு உள்ள முனை வலப்பக்கம் வர வேண்டும். எச் இதற்குப் பொருந்தும், ஆனால் முதலில் ஊசிமுனையைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்துவிடுங்கள். சில்லு உடைந்த இடம் விளக்கொளியில் தட்டையாக மின்னும்.

மெழுகு சிலிண்டரை வெளிப்பக்கம் தொடக் கூடாது. இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துத் தூக்குங்கள். குளிர்ந்த அறையிலிருந்து வந்தால் சற்று நேரம் வைத்துவிட்டு மாட்டுங்கள்.

பதில் (மரைத்திருகு):

அந்த 'தொம்' மெயின் ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது. கிரீஸ் காய்ந்து சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இறுகும்போது திடீரென்று விடுபடுகின்றன. இப்படியே ஓட்டினால் ஸ்பிரிங் ஒருநாள் முறியும். ஸ்பிரிங் இருக்கும் டிரம்மைத் திறக்கும் முன் மோட்டார் தானாக ஓடி முழுதும் தளர வேண்டும். முறுக்கோடு திறந்தால் விரல் போகும். பழகியவர் கையில் கொடுப்பதே நல்லது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் உராய்வுத் தோலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். சுருதி ஏறி இறங்கி ஆடினால் தோல் பெல்ட்டின் ஒட்டைத் தடவிப் பாருங்கள். தடித்த ஒட்டு புல்லியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் வேகம் இடறும். ரீப்ரொடியூசர் கரகரத்தால் உள்ளே அதிரும் மெல்லிய தகடான டயஃப்ரத்தின் இரு பக்க ரப்பர் வளையமும் கல்லாகியிருக்கும். இரண்டையும் மாற்றுங்கள், மூடி வளையத்தை அழுத்தி முறுக்காதீர்கள்.