நெல்லையில் பயத்லான் நேரலை பார்க்க வழி உண்டா?

வணக்கம். என் மனைவி ஸ்வீடனின் ஓஸ்டர்சுண்ட் நகரத்தவர். ஆகஸ்ட் முதல் பாளையங்கோட்டையில் என் பெற்றோருடன் வசிக்கிறோம். நவம்பர் இறுதியில் தொடங்கி மார்ச் வரை நடக்கும் பயத்லான் உலகக் கோப்பையை, அதாவது பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டியை, இங்கே அவரால் நேரலையில் பார்க்க முடியவில்லை.

டிடிஎச்சில் விளையாட்டுத் தொகுப்புக்கு இரண்டு மாதம் பணம் கட்டியதில், பழைய கிரிக்கெட் ஆட்டங்களைத்தான் மறுபடி மறுபடி பார்த்தோம். ஸ்வீடன் தொலைக்காட்சியின் செயலி, போட்டி தொடங்கியதும் உங்கள் நாட்டில் காண இயலாது என்று சொல்லித் திரையைக் கறுப்பாக்கிவிடுகிறது. விபிஎன் வழியாக முயன்றால் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மூன்று நிமிடச் சுருக்கக் காட்சிகள் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலான பிரிவுகளில் குறி தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் கூடுதலாகச் சுற்ற வேண்டிய ஆட்டத்தில், அந்தத் தவிப்பை வெட்டிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

எங்களிடம் 43 அங்குல ஆண்ட்ராய்டு தொலைக்காட்சியும் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பும் உள்ளன. நேர வித்தியாசம் நாலரை மணிதான் என்பதால் பெரும்பாலும் மாலையிலேயே பார்த்துவிடலாம்.

இந்தியாவிலிருந்தே முறையாகப் பணம் செலுத்தி, பயத்லான் போட்டிகளை முழுமையாக நேரலையில் பார்க்கும் சேவையை உங்களில் யாரேனும் பயன்படுத்துகிறீர்களா?