வீடு கொடுத்தவர்களும் கேட்டு வந்தவர்களும்: கொழும்பு அனுபவங்கள்

தெஹிவளைக்காரன்

2017 செப்டெம்பர் 26, செவ்வாய்க்கிழமை. கல்கிசையில் ஒரு கடைக்குக் கணக்குப் பார்க்கப் போனேன். 100ஆம் நம்பர் பஸ்ஸில் இறங்கி உள்வீதிக்குத் திரும்பினால், சந்தியில் நின்ற த்ரீவீல்காரர் கையைக் காட்டி மறித்தார். "மாத்தயா, எஹே யன்ன எபா." அந்தப் பக்கம் போகாதே என்று சொன்னவர் ஏன் என்று சொல்லவில்லை. போகாதே என்றால் எட்டிப் பார்ப்பதுதானே மனுஷக் குணம்.

ஒரு மாடிவீட்டுக்கு முன்னால் கூட்டம். முன்னுக்குக் காவி உடுத்த பிக்குகள் சிலர், பின்னுக்கு இளம் பெடியள். ஒருத்தர் போனைத் தலைக்கு மேல் பிடித்துப் பேஸ்புக்கில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பது பயங்கரவாதிகள் என்று கத்தல். 'த்ரஸ்தவாதி' என்ற அந்தச் சிங்களச் சொல் காதில் விழுந்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, தொட்டுப் பார்த்தது. யுத்தம் முடிந்து எட்டு வருஷம். ஆனாலும் கை மறக்கவில்லை.

உள்ளே இருந்தது மியன்மார் முஸ்லிம்களான ரோஹிங்யாக்கள் 31 பேர். அதில் 16 பேர் குழந்தைகள். ஐ.நா. அகதிகள் நிறுவனம் எடுத்துக் கொடுத்திருந்த வீடு. மியன்மாரிலிருந்து தப்பி, சில காலம் இந்தியாவில் கிடந்து, அங்கிருந்து படகேறி, அந்த ஏப்ரல் கடைசியில் காங்கேசன்துறைக் கடலில் கடற்படையிடம் பிடிபட்டவர்கள். இதெல்லாம் பிறகு பேப்பரில் படித்தது. அன்றைக்கு நான் பார்த்தது கீழ்மாடி ஜன்னல் நொறுங்கியதையும், ஒரு பிளாஸ்டிக் கதிரை வெளியே வந்து விழுந்ததையும்தான். ஆட்களை மேல்மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். பல்கனிக் கொடியில் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அரை மணித்தியாலம் முன்னால் யாரோ ஒரு தாய் உதறிப் போட்டிருப்பாள்.

அதே நாளில் அவர்களைப் பூசா முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பாதுகாப்புக்காம். யுத்த காலத்தில் தமிழ்ப் பெடியளைப் பிடித்து அடைத்து வைத்த இடம். பூசா என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அமைச்சர் ராஜித சேனாரத்ன, பௌத்தனாக வெட்கப்படுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிக்கு ஒருவரும் இன்னும் சிலரும் கைதானார்கள். ஆனால் பெட்டி படுக்கையோடு இடம் மாறினது வீட்டில் இருந்தவர்கள்தான்.

கொழும்பில் இருக்கிற நாங்கள் இப்படியானதைக் கண்டும் இருக்கிறோம், பட்டும் இருக்கிறோம். நடந்ததை எழுதுங்கள். ஆரோ சொல்லக் கேட்டது வேண்டாம்.


கொட்டாஞ்சேனை அக்கா

பட்டதை எழுதுறன். 2007 யூன் 7. நான் வெளிநாடு போற அலுவலா வவுனியாவில இருந்து வந்து புறக்கோட்டைப் பக்கம் ஒரு லொட்ஜில தங்கியிருந்தன். தூதரகத்தில நேர்முகத்துக்குத் திகதி குடுத்திருந்தவை. விடியப்புறம் கதவுல தட்டு. பொலிசும் ஆமியும். "என்ன காரணத்துக்காகக் கொழும்பில நிக்கிறாய்?" கடிதத்தைக் காட்டினன். வாங்கிப் பாத்திட்டு, "ஊருக்குப் போய் இருந்து வா" எண்டாங்கள். அரை மணித்தியாலம் தந்தவை.

லொட்ஜ் முதலாளி தமிழர்தான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் எங்கட பேர், ஐ.சி. நம்பர், ஊர், வந்த காரணம் எல்லாம் ஒரு நீலக் கொப்பியில எழுதிப் பொலிசுக்குக் குடுப்பார். குடுக்காட்டி லொட்ஜைப் பூட்டிப்போடுவாங்கள். அண்டைக்கு அந்தக் கொப்பியை வைச்சுத்தான் அறை அறையாக் கூப்பிட்டவை. மனுசன் மூலையில நிண்டு நிலத்தையே பாத்துக்கொண்டு நிண்டார். 83 கலவரத்தில வாக்காளர் இடாப்பைக் கையில வைச்சுக்கொண்டு வந்தவங்கள் எண்டு அம்மா சொல்லுவா. எனக்கு அந்தக் கொப்பி.

எங்களை மாதிரி 376 பேரை பஸ்ஸில ஏத்தினதா அரசாங்கமே சொன்னது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ரத்னசிறி விக்கிரமநாயக்க, அப்ப பிரதமர், வருத்தமும் தெரிவிச்சார். அதுக்கிடையில நான் வவுனியாவில. பஸ்ஸில எனக்குப் பக்கத்தில இருந்த அம்மா மருந்து எடுக்க வந்தவ. ஸ்கான் ரிப்போட்டை மடியில வைச்சு, மடங்கிப்போகும் எண்டு வவுனியா மட்டும் ரெண்டு கையாலும் விரிச்சுப் பிடிச்சுக்கொண்டே வந்தா.


மட்டக்குளி நானா

எழுதவா விடவா என்று யோசித்தேன். நான் யாழ்ப்பாணம். மூர் வீதிப் பக்கம். 1990 ஒக்டோபர் 30. ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லோரும் போக வேண்டும். உம்மா கழுத்தில் கிடந்ததைச் சோதனையில் கழற்றி வாங்கினார்கள். அந்த மாதம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70 ஆயிரத்துக்கும் மேலே. எனக்கு வயது பதினொன்று.

அதைச் சொல்வதற்கு மட்டும் வரவில்லை. புத்தளத்தில் பட்டதையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் உள்ளூர்ச் சனம் சோறு சமைத்துத் தந்தது. பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்துவிட்டது. அதை மறந்தால் நான் மனிதனில்லை. ஆனால் வருஷம் போகப் போகக் கிணற்றடியில் பேச்சு மாறியது. குறைந்த கூலிக்கு எங்கள் ஆட்கள் உப்பளத்துக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் போனார்கள், அவர்களுடைய கூலி விழுந்தது. எங்களுக்கு நிவாரண அரிசி வந்தது, அவர்களும் ஏழைகள்தான், அவர்களுக்கு வரவில்லை. வகுப்பில் வாத்தியார் "அகதிப் பிள்ளைகள் கை உயர்த்துங்கள்" என்பார். உயர்த்துவோம். ஒரே மார்க்கம், ஒரே மொழி. அப்படியிருந்தும் எங்கள் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருபது வருஷம் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அந்தச் சனத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கிணற்றுக்கு முன்னூறு குடம் வந்தால் யாராக இருந்தாலும் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். கிணற்றை யார் வெட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.


ஒரு வாசகர், வெள்ளவத்தை

எல்லாம் சரி. ஆனால் எங்கட காணாமல் போனவர்களுக்கே பதில் இல்லை. இதுக்குள்ள ரோஹிங்யாவுக்கும் அழவேணுமா? கொழும்பில இருக்கிற வாடகைக்கு எங்கட பிள்ளைகளுக்கே வீடில்லை.


கொட்டாஞ்சேனை அக்கா

தம்பி, 2024 டிசம்பர் 19 முள்ளிவாய்க்கால் கடலில ஒரு படகு தட்டுப்பட்டது. நூற்றுக்கு மேல ரோஹிங்யாக்கள், பச்சைக் குழந்தைகளோட. என்ர மாமி அந்தப் பக்கம்தான். சனம் வீட்டில இருந்ததைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினதாம். மாமி கொண்டுபோனது பிஸ்கட்டும் ஒரு பானை கஞ்சியும். 2009இல கடைசிச் சண்டைக்குள்ள எங்கட சனம் கஞ்சி குடிச்சு உயிர் பிடிச்ச கரை அது. அந்தக் கரையில கஞ்சி எண்டா என்ன எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. திருகோணமலைக்குக் கொண்டுபோய்ப் பிறகு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில வைச்சவை. காணியை விடு எண்டு எங்கட சனம் றோட்டில இருந்து போராடின அதே கேப்பாப்பிலவு. அவையளைத் திருப்பி அனுப்பாதே எண்டு முல்லைத்தீவில ஊர்வலமும் போச்சுது. ஆரும் அந்த ஊர்ச் சனத்துக்கு வகுப்பெடுக்கேல்ல.


தெஹிவளைக்காரன்

அக்கா எழுதியதைப் படித்த பிறகு, நான் முதலில் எழுதியதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். கல்கிசையில் வேடிக்கை பார்த்தவனாக மட்டும் என்னைக் காட்டிக்கொண்டேன். மிச்சத்தையும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அனெக்ஸ் இருக்கிறது. 2018இல் ஒரு பாகிஸ்தான் குடும்பத்துக்குக் கொடுத்தேன். அகமதியாக்கள். அவர்கள் நாட்டில் 1974இல் சட்டம் போட்டு, நீங்கள் முஸ்லிம்களே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டாலே சிறை வைக்கலாம் என்று 1984இல் இன்னொரு சட்டம். ஐ.நா. கடதாசியோடு இங்கே வந்து, மூன்றாம் நாடு ஒன்று எடுக்கும்வரை காத்திருந்தார்கள். இலங்கை அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்து வைக்காத நாடு. வேலை செய்ய அனுமதியில்லை. ஆனாலும் வாடகை ஒரு மாதமும் பிந்தவில்லை. அந்த மனுசர் அங்கே கணக்காளராக இருந்தவராம். நானும் அதே தொழில் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மதிலடியில் நின்று கதைப்போம். தமிழில் 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகள். அந்த வாரமே நீர்கொழும்பில் வீட்டு வாசல்களில் கூட்டம் நின்று, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகளை வெளியே போகச் சொன்னது. நூற்றுக்கணக்கான பேர் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்துக் கராஜிலும் படுத்தார்கள். எங்கே கொண்டுபோனாலும் அந்த ஊர் எதிர்த்தது. கடைசியில் ஒரு பகுதியினரை வவுனியா பூந்தோட்டத்துக்கு அனுப்பினார்கள். முஸ்லிம் இல்லை என்று ஒரு நாடு துரத்தியது, முஸ்லிம் என்று இன்னொரு நாடு துரத்தியது. நீர்கொழும்புச் சனத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே தேவாலயத்தில் நூறுக்கு மேல் பிணம் எடுத்த ஊர். எனக்கு அந்தச் சாட்டும் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் யாரும் கத்தவில்லை, கல்லும் விழவில்லை. எதிர்வீட்டு அன்ட்டி மாத்திரம் கேற்றடியில் வந்து, "அந்த ஆட்கள் இன்னும் இருக்கினமா?" என்று கேட்டா. அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்களின் பெயரைப் பதியச் சொல்லிப் பொலிஸ் படிவம் வந்தது. 2008இல் நான் வாடகைக்கு இருந்தபோது என் பெயரை நிரப்பிய அதே மாதிரிப் படிவம். அப்போது எனக்காகக் கையெழுத்து வைத்தவர் ஒரு சிங்கள வீட்டுக்காரர். பிரச்சினை வந்தால் வரட்டும் என்று வைத்தார்.

நான் வைக்கவில்லை. மதிலடியில் நின்று, "பிள்ளைகள் பயப்படுறாங்க, கொஞ்ச நாளைக்கு வேறிடம் பாருங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் பிள்ளைகள் பயப்படவேயில்லை. அவருடைய மகளோடு மாங்காய் பிடுங்கிக்கொண்டு திரிந்தார்கள்.

"பரவாயில்லை" என்றார்.

அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். போகும்போது ஒரே ஒரு உதவி கேட்டார். இவர் நல்ல வாடகைக்காரர், ஒழுங்காகப் பணம் கட்டினவர் என்று ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா, அடுத்த வீட்டுக்காரருக்குக் காட்ட. மேசையில் இருந்து எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். ஒழுங்கானவர், மரியாதையானவர், ஒரு மாதமும் பிந்தாதவர். கீழே என் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

போன் நம்பர் எழுதவில்லை. அவர் கடிதத்தைப் படித்து முடித்து, நம்பர் இருக்கவேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாலாக மடித்துப் பாஸ்போட்டுக்குள் வைத்துக்கொண்டார்.